தீபாவளிப் பங்கும் பிஸ்கட் என்ற கிடாயும்

மாமாங்கம் என்பவருக்குப் பண்ணை என்றால் ஆடு, ஆடு என்றால் பங்கு. இதில் குழம்ப ஒன்றுமில்லை என்று அவர் இருபத்தெட்டு வருடமாக நினைத்திருந்தார்.

அதனால்தான் மகள் யதுஷா போன் எடுத்துப் பண்ணைக்குப் போவோம் என்றதும் அவர் மேலே ஒன்றும் விசாரிக்கவில்லை.

"அப்பா, அம்மாட அறுபதாவது பேர்த்டேக்கு நாங்கள் மூண்டு பேரும் ஒரு ஃபார்முக்குப் போறம். வெள்ளி, சனி அங்க ஸ்டே. ஞாயிறு திரும்பி வந்திடலாம். அடுத்த நாள்தானே தீபாவளி."

"ஆடு நிக்குமா மகள்?"

"நிறைய நிக்குமப்பா. வெப்சைட்டில படம் கிடக்கு."

ஒரு மணித்தியாலத்துக்குள் பத்து வீட்டுக்குச் செய்தி போய்விட்டது.

பங்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வீடு சேர்ந்து ஆடு வாங்கும். வெட்டிக் கழுவி, தறப்பாள் விரித்துப் பத்துக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடை கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு முழம். பிறகு ஒருவர் தறப்பாளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் வாயில் வந்த பெயரைச் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. முறைப்பாடு கிடையாது. யாரிடம் போய் முறையிடுவது? சொன்னவன் பார்க்கவில்லை, தொட்டவன் பெயர் சொல்லவில்லை.

இந்த ஊரில் ஒரு சங்கம் இரண்டாகும், இரண்டும் நாலாகும், நாலுக்கும் நாலு தலைவர்கள் பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் மாமாங்கம் நடத்திய பங்கு மட்டும் உடையவில்லை. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, கூட்டம் இல்லை, அறிக்கை இல்லை. இருந்தது ஒரு தறப்பாளும் ஒரு முதுகும்தான்.

உடையாத பங்கு போன வருடம் நின்றுபோனது. ஆடு கொடுத்து வந்த ஜூலியஸ் என்ற கிழவர் மார்க்கம் நகருக்கு வடக்கே இருந்த தன் பண்ணையை விற்றுவிட்டார். இப்போது அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. போன தீபாவளிக்குப் பத்து வீடும் கடையில் போய்ப் பெட்டியில் கிடந்த இறைச்சியை வாங்கின. இந்த வருடமும் அப்படியானால் பங்கு முடிந்தது, பிறகு யாரும் கூட்டமாட்டார்கள். இதை மாமாங்கம் தெளிவாக அறிந்திருந்தார். அவருடைய கூட்டாளி சூசைதாசன் அதைவிடத் தெளிவாகச் சொன்னார்.

"அண்ணை, நான் சேர்ச்சுக்குப் போற ஆள். எனக்குத் தீபாவளி இல்லை. ஆனா பங்கு இருக்கு. ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணிக்கு என்ர கராஜைத் திறந்து வைப்பன். நீங்கள் வெறுங்கையோட வந்தா, நான் கதவைப் பூட்டிப்போட்டு உங்களைத்தான் கூறு போடுவன்."

"வாறன் எண்டா வாறன்டாப்பா."

சொன்னவர் சொல் தவறாதவர். அதற்கும் ஒரு கதை உண்டு. மட்டக்களப்பில் இருந்து தொண்ணூறில் வந்து, பார்க்டேலில் ஒரு அறையில் ஏழு பேரோடு படுத்து, நாலு வருடம் ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவினார். பிறகு ஸ்காபரோவில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் ஸ்பொஞ்ச் வெட்டும் மெஷினில் நின்றார். இருபத்தொன்பது வருடம். தொண்ணூற்றொன்பதில் அங்கே யூனியன் கட்டப் பார்த்தார்கள். மாமாங்கம் வீடு வீடாகப் போனார். லஞ்ச் அறையில் அறுபத்தொரு பேர் கை தூக்கினார்கள். வாக்குப் பெட்டியைத் திறந்தபோது முப்பத்தெட்டுத்தான் இருந்தது. மிச்சம் இருபத்துமூன்று கை எங்கே போனது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றோடு கை தூக்குகிறவர்களை அவர் நம்புவதில்லை. தன் வாயால் சொன்னதை மட்டும் செய்து முடிப்பார்.

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் யதுஷாவின் காரில் இரண்டு பெரிய கூலர், தறப்பாள், நாலு கத்தி, பிளாஸ்டிக் பை ஒரு கட்டு, இரண்டு பேர் தூக்கவேண்டிய கொத்துக்கட்டை எல்லாம் ஏறின.

"அப்பா, உந்த மரக்கட்டை என்னத்துக்கு?"

"தேவைப்படும் மகள்."

அடுப்பு மூட்டப் போகிறார் என்று மகள் நினைத்தாள். மகளுக்கு எல்லாம் தெரியும் என்று தகப்பன் நினைத்தார். மனைவி தவமலர் இருவரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டாள்.

கிழக்கே இரண்டரை மணித்தியாலம். பண்ணை வாசலில் கல்மதில், வேலி முழுக்கப் பூக்கொடி, பலகையில் ஒரு வரி: இங்கிலாந்துக் கிராமத்தில் தங்குவது போல. செலீன் என்ற ஐம்பது வயதுப் பெண் சேற்றுப் பூட்ஸோடு வந்து கை கொடுத்தாள். பத்து வயதில் இங்கிலாந்திலிருந்து தாய் தகப்பனோடு வந்தவளாம். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பிறகு ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தைக் காட்டினாள்.

கூடாரம்தான். ஆனால் கீழே பலகைத் தளம், அதன்மேல் கம்பளம். உள்ளே இரண்டு இரட்டைக் கட்டில், இரும்பு அடுப்பு, பன்னிரண்டு தலையணை. உச்சியில் இருந்து கண்ணாடிக் குஞ்சம் வைத்த விளக்கு தொங்கியது.

மாமாங்கம் தலையணைகளை இரண்டு தரம் எண்ணினார்.

"இது ஆர் படுக்கிற இடம்?"

"நாங்கள்தானப்பா. இதுக்குப் பேர் கிளாம்பிங்."

"அந்தா பெரிய வீடு இரிக்கே. அதுக்குள்ள இடமில்லையாமா?"

"இடமிருக்கும். இது எக்ஸ்பீரியன்ஸ்."

அவர் மெத்தையின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். நல்ல ஸ்பொஞ்ச். அது ஒன்றுதான் அந்த இடத்தில் அவருக்கு விளங்கிய பொருள்.

மேசையில் நேரம் எழுதிய ஒரு மட்டை கிடந்தது. ஆறரைக்கு ஆட்டுக்குத் தீன். ஏழேகாலுக்கு முட்டை பொறுக்குதல். எட்டுக்குப் பட்டி கூட்டுதல்.

"இதென்ன, சிஃப்ட் போட்டிரிக்கு?"

"அது வேலையில்லையப்பா. ஆக்டிவிட்டி."

"பட்டி கூட்டுறது?"

"ஓம்."

"நாம கூட்டுறதா?"

"விருப்பமெண்டா."

"சம்பளம்?"

"சம்பளமா? நாங்கள்தான் குடுத்து வந்திருக்கிறம்!"

மாமாங்கம் கட்டிலில் உட்கார்ந்தார். ஓவர்டைம் பதினைந்து நிமிடத்தை வெட்டியதற்காக சூப்பர்வைசரின் மேசைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நின்ற மனிதர் அவர். முதலாளிக்குக் காசு கொடுத்து வேலை செய்யும் தொழிலாளியை அவர் கேள்விப்பட்டதில்லை. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வெள்ளைக் குடும்பம் சிரித்துக்கொண்டே வேலைப் பூட்ஸ் அளவு பார்த்தது. யாரும் அவர்களைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கவில்லை.

இதற்கிடையில் யதுஷா தாய்க்கு ஒரு கடித உறை கொடுத்தாள். உள்ளே தங்கக்கரை போட்ட சான்றிதழ். பிஸ்கட் என்ற ஆட்டைத் தவமலர் என்பவர் தத்தெடுத்திருக்கிறார், இப்படிக்குப் பண்ணை. படத்தில் ஒரு பழுப்புக் கிடாய், ஒரு காது மட்டும் வெள்ளை.

"பேர்த்டே கிஃப்ட் அம்மா!"

தவமலர் படத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆம்புளப் புள்ள கிடைக்கல்லண்டு உங்கட அப்பா முந்திக் கவலப்பட்டவர். இந்தா, கிடைச்சிட்டான்."

அப்போது போன் அடித்தது. சூசைதாசன்.

"அண்ணை, ஆடு பாத்திட்டியளோ?"

"பாத்தன்." படத்தில் பார்த்தது பொய்யில்லை.

"கொழுப்பு எப்பிடி?"

"நாளைக்குச் சொல்றன்."

சனிக்கிழமை ஆறு மணிக்கே மாமாங்கம் பட்டிக்குப் போய்விட்டார். ஆடுகள் இருபதுக்கு மேல். அவர் வழக்கம்போல வேலை தொடங்கினார். ஆட்டைக் கண்ணால் பார்க்கக்கூடாது, மயிர் ஏமாற்றும். விலா முடிகிற இடத்தில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்தவேண்டும். எலும்பு கூராகத் தட்டினால் விடு. சதை விரலைத் தள்ளினால் எடு. ஏழாவது ஆடு விரலைத் தள்ளியது. நல்ல கிடாய். சுற்றிக் குனிந்து முகத்தைப் பார்த்தார். ஒரு காது வெள்ளை. கழுத்துப் பட்டியில் பெயர் தொங்கியது.

"உங்களுக்கு ஆடு தெரியும்," என்று பின்னால் செலீன் சொன்னாள். கையில் வாளி. இருவரும் பேசியது ஆங்கிலத்தில். மாமாங்கத்தின் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், சுற்றி வளைக்காது.

"எனக்கு மூன்று வேண்டும். தீபாவளிக்கு. பத்துக் குடும்பம்."

"வேண்டும் என்றால்?"

"சாப்பிட."

செலீன் வாளியைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கூடாரக்காரர்கள் பூட்ஸோடு வந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டிவிட்டு, சிரிப்பை மாற்றாமலே, "இங்கே பேசவேண்டாம், கொட்டகைக்குப் பின்னால் வாருங்கள்," என்றாள்.

மாமாங்கம் பின்னால் போனார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தார். விழவில்லை.

"செவ்வாய்க்கிழமை லொறி வருகிறது," என்றாள். "கிடாய்க்குட்டி பன்னிரண்டும் சந்தைக்குப் போகும். ஒவ்வொரு வருடமும் இந்த நேரம்தான். பனிக்காலம் முழுக்க வைத்துத் தீன் போட என்னால் முடியாது."

"எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறதே."

"பெயர் இங்கேயே இருக்கும். வசந்தத்தில் புதுக்குட்டி வரும். வெள்ளைக் காதோடு ஒன்று எப்படியும் பிறக்கும். இவன் ஆறாவது பிஸ்கட்."

மாமாங்கம் கணக்குப் பார்த்தார். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பலகையில் இருந்த வரியும் பொய்யில்லை. ஆட்டைத் தடவிக்கொண்டு நின்ற வெள்ளைக் குடும்பமும் பொய்யில்லை. ஆனால் மூன்றையும் கூட்டினால் எங்கோ ஒரு பெரிய பொய் விடையாக வந்தது. தொழிற்சாலையில் அறுபத்தொன்று முப்பத்தெட்டான கணக்கு மாதிரி.

"விருந்தினருக்குச் சொல்லாதீர்கள்," என்றாள் செலீன். "கூடாரம் இல்லாவிட்டால் பண்ணை இல்லை. ஆடு மட்டும் வளர்த்துப் பிழைக்கிற காலம் என் அப்பாவோடு போய்விட்டது." பிறகு வியாபாரக் குரலில் சொன்னாள். "இருபது நிமிடத் தூரத்தில் லைசன்ஸ் உள்ள வெட்டுமிடம் ஒன்று இருக்கிறது. தெரிந்தவன்தான். இன்று பத்து மணிக்குள் கொண்டுபோனால் செய்வான், நாளை காலை குளிர்ந்த இறைச்சியை எடுக்கலாம். உங்கள் அளவுக்கு மூன்றுதான் தேறும். அதில் ஒன்று பிஸ்கட்."

அப்போது மணி ஏழு. மாமாங்கம் மேட்டில் ஏறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆடு கிடைத்தும் அவருக்குக் கால் ஓடவில்லை.

கூடாரத்துக்கு வெளியே தாயும் மகளும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒளிக்கத் தெரியாத மனிதர் எல்லாவற்றையும் கொட்டினார். பத்து வீடு, கூலர், லொறி, ஆறாவது பிஸ்கட்.

யதுஷா கோப்பையை வைத்தாள். முப்பத்துநாலு வயது, ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் பெரிய வேலை, டவுண்டவுனில் தனிக் கொண்டோ. அழுகிற ஆள் இல்லை. குரல் மட்டும் மெலிந்தது.

"அப்ப உந்தக் கட்டை... கத்தி... சீரியஸ்லி அப்பா? அம்மாட பேர்த்டேக்கு வந்து ஆடு வெட்டப் போறீங்களா?"

"ஃபார்ம் எண்டு நீதானே சொன்ன மகள்."

"நான் உங்களுக்காகத்தான் ஃபார்ம் எடுத்தனான்! அம்மா ஒரு ரெஸ்டோரன்டே போதுமெண்டு சொன்னவா. ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் ஃபார்முக்குப் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வருவீங்கள். வருசம் முழுக்க நீங்கள் பாடி நான் கேட்டதில்லை. அண்டைக்கு மட்டும்தான். ரிட்டயர் ஆன பிறகு சோஃபாவில இருந்து கதவைப் பாத்துக்கொண்டிருக்கிறீங்கள். அப்பாக்கு ஃபார்ம் விருப்பம், ஆடு மாடு விருப்பம் எண்டு நினைச்சன்."

மாமாங்கம் தனக்குள் கேட்டுக்கொண்டார்: எனக்குப் பண்ணை விருப்பமா? ஜூலியஸின் பண்ணையை நினைத்துப் பார்த்தார். கொட்டகை என்ன நிறம்? வரவில்லை. மரம் நின்றதா? தெரியவில்லை. இருபத்தேழு தரம் போன இடம். தறப்பாளும், அதைச் சுற்றி நின்ற கால்களும், ஒரு முதுகும்தான் ஞாபகத்தில் நின்றன.

"ஏன் என்னை ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போகேல்ல?" என்று யதுஷா கேட்டாள். "நான் எத்தினை தரம் கேட்டனான்."

"பொம்புளப் புள்ளயள் அதுக்கு வாறல்ல மகள்."

"ஆர் சொன்னது?"

யார் சொன்னது? சூசைதாசனா? இல்லை. ஜூலியஸா? இல்லை. அவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத ஒரு சட்டத்தை இருபத்தெட்டு வருடம் பத்து வீடும் பிசகாமல் கடைப்பிடித்திருக்கின்றன. யூனியனுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்திருந்தால்!

"இஞ்ச பாருங்க," என்றாள் தவமலர். "இப்ப எத்தின மணி?"

"ஏழரை."

"பத்துக்குள்ள போகணும் எண்டீங்க. ரெண்டு பேரும் நிண்டு விவாதம் வச்சா லொறிதான் வரும்." சான்றிதழை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "பிஸ்கட் ஆர்ட?"

"உன்ட," என்றார் மாமாங்கம்.

"அப்ப நான்தானே சொல்லணும். எங்கயோ தெரியாதவன்ட சந்தைக்குப் போறத்துக்கு, நம்மட பத்து வீட்டுக்குப் போகட்டும். ஆனா ஒண்டு. நான் போய் என்ட கையால அவனுக்குத் தீன் வைக்கணும். தத்தெடுத்துப்போட்டு ஒரு நேரமும் போடாம விடுறல்ல."

"அம்மா, உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா?"

"இரிக்கு. போன வருசம் கடையில பெட்டி வாங்கினமே, அதுக்குள்ள இரிந்தவனுக்கும் ஒரு காது வெள்ளையா இரிந்திரிக்கும். நீ கேட்டியா? நானும் கேக்கல்ல."

தவமலர் பட்டிக்குப் போய்த் தீன் வைத்தாள். கிடாய் அவள் உள்ளங்கையை நக்கியது. அவள் முகத்தைத் திருப்பாமல் நின்றாள். யதுஷா தூரத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, போவதா இருப்பதா என்று பார்த்தாள். செலீன் பிக்கப்பில் மூன்றையும் ஏற்றினாள். மற்ற விருந்தினர் கேட்டபோது, டொக்டரிடம் போகின்றன என்று சொன்னாள். அவர்கள் பாவம் பாவம் என்றார்கள். மாமாங்கம் நிலத்தைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் மூவரும் தீ மூட்டிக் கேக் வெட்டினார்கள். யதுஷா அதிகம் பேசவில்லை. கோபமா, யோசனையா என்று மாமாங்கத்துக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. கேக்கின் பெரிய துண்டைத் தகப்பனின் தட்டில் வைத்தாள். அது சமாதானமா, சண்டையா என்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை, வெட்டுமிடத்தில் கூலர் இரண்டும் நிறைந்து காரில் ஏறின. வழியில் ஓஷாவா தாண்டும்போது யதுஷா றோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கராஜில முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறது ஆர்?"

"வருசத்துக்கு ஒரு ஆள்."

"இந்த வருசம்?"

மாமாங்கம் யோசித்தார். பின் சீட்டில் இருந்து கண்ணாடியில் தெரிந்த அவளுடைய நெற்றியைப் பார்த்தார்.

"ஆருமில்ல," என்றார்.

தவமலரை வீட்டில் இறக்கிவிட்டு அவர்கள் வந்தபோது, ஐந்து மணிக்குச் சூசைதாசனின் கராஜ் திறந்திருந்தது. ஒன்பது ஆம்பிளைகள், கையில் பை, வாயில் அரசியல். காரில் இருந்து மாமாங்கம் இறங்க விசில் பறந்தது. டிரைவர் பக்கம் யதுஷா இறங்கினதும் விசில் நின்றது.

"பிள்ளை, அங்கால அன்ரி தேத்தண்ணி போடுறா. உள்ள போய் இருங்கோவன்," என்றார் சூசைதாசன்.

"தேத்தண்ணி வேண்டாம் அங்கிள். நான்தான் இண்டைக்குப் பேர் சொல்லப் போறன்."

ஆளை ஆள் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார், அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை. சூசைதாசன் மாமாங்கத்தின் காதுக்குள் வந்தார்.

"என்னண்ணை உது? உப்பிடி ஒரு வழக்கம் எங்களுக்கு இல்லையே."

"இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னதோ?" சூசைதாசன் கராஜ் கூரையைப் பார்த்து யோசித்தார். மாமாங்கம் நேற்று நின்ற இடத்திலேயே இப்போது அவர் நின்றார். "சரி சரி. இறைச்சி வேர்க்குது. விரியுங்கோ தறப்பாளை."

மாமாங்கம் கொத்தினார். சத்தம் பழைய சத்தம். பிறகு குந்தியிருந்து கூறு போட்டார். தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல். மூன்று ஆடும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது பிஸ்கட் என்று அவருக்கே தெரியாது. யதுஷா சுவரில் தொங்கிய பனித்தள்ளியைப் பார்த்துக்கொண்டு, முதுகு காட்டி நின்றாள்.

மாமாங்கம் முதல் கூறைத் தொட்டார்.

"இது ஆருக்கு?"

"சூசைதாசன் அங்கிள்."

"அங்கிள் எல்லாம் சொல்லக்கூடாது பிள்ளை. பேர் மட்டும். அதுதான் சட்டம்," என்றார் சூசைதாசன்.

"சூசைதாசன்!"

கராஜ் சிரித்தது. அதன்பிறகு வேகமாகப் போனது. மூன்றாவது பெயருக்கு ஒருவர் கை தட்டினார். ஐந்தாவதுக்கு, "எனக்கு எலும்பையே தள்ளிவிடுறா," என்று ஒரு பகிடி எழுந்தது. "நான் பாக்கேல்ல, நீங்கள்தான் பாக்கிறீங்கள்," என்று அவள் திரும்பாமல் அடித்தாள். கடைசியில் அங்கிளை வெட்டிய மாதிரியே அப்பாவையும் வெட்டி, "மாமாங்கம்!" என்றாள். பத்து வீடும் முடிந்தது.

தறப்பாளில் இன்னும் ஒரு கூறு கிடந்தது.

"அண்ணை, பத்துத்தானே?" என்றார் சூசைதாசன்.

மாமாங்கம் எண்ணினார். பைகள் பத்து. கூறு ஒன்று மிச்சம். இருபத்தெட்டு வருடத்தில் அவர் கை பிழைத்ததில்லை. எப்போது பதினொன்றாகப் போட்டார்? தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கொழுப்பு மட்டும்தான் ஒட்டியிருந்தது. மற்ற எல்லாக் கூறையும் போலவே அதிலும் தொடை இருந்தது, ஈரல் இருந்தது. தவறிப்போட்ட கூறு அப்படி இருக்காது.

அவர் அதைத் தொட்டார்.

"இது ஆருக்கு?"

முதுகு அசையவில்லை.

"எனக்கு," என்றாள்.

"பேர் சொல்லோணும் பிள்ளை," என்றார் சூசைதாசன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"யதுஷா."

மாமாங்கம் பதினோராவது பையை எடுத்து ஊதித் திறந்தார். இறைச்சியை அள்ளிப் போட்டு முடிச்சுப் போடும்போது அவருக்கே தெரியாமல் வாயில் ஒரு பாட்டு முணுமுணுத்தது.

"இப்ப நான் திரும்பலாமா?" என்று யதுஷா கேட்டாள்.

இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை.